புதிய பதிப்புக்கு எப்போது மாறுவது? இணையதளம் கட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிஎச்பி, நோட் ஜேஎஸ், ஜாங்கோ, வேர்ட்பிரஸ் என எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வந்த அன்றே மாற்றித் தளத்தை உடைத்துக்கொள்கிறார்கள். அல்லது பயந்துபோய் நான்கைந்து வருடம் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிகச் சேதம் தரும்.

புதிய பதிப்பு வெளிவந்த தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேறு இரண்டு தேதிகளைப் பாருங்கள். நீங்கள் இப்போது வைத்திருக்கும் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும் நாள் ஒன்று. உங்கள் தளம் நம்பியிருக்கும், பிறர் எழுதிய துணை நிரல்களான லைப்ரரிகளும் பிளகின்களும் புதிய பதிப்பை முறையாக ஆதரிக்கத் தொடங்கும் நாள் மற்றொன்று. இரண்டாவது நாளுக்குப் பிறகு, முதல் நாளுக்கு முன்பு மாறுங்கள். இதற்கிடையில் கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தும் வழியைப் பார்ப்போம்.

முதலில் ஒரு பட்டியல்

உங்கள் சர்வரில் உண்மையில் எது ஓடுகிறது என்று எழுதுங்கள்: இயங்குதளம், வெப் சர்வர், மொழி, ஃபிரேம்வொர்க் (ஜாங்கோ, லாராவெல் போன்ற தளக் கட்டமைப்பு), டேட்டாபேஸ், ஒவ்வொரு பிளகின் அல்லது லைப்ரரி, அதன் பதிப்பு எண். லைப்ரரிகளைக் கையால் எழுத வேண்டாம். லைப்ரரிகளை நிறுவும் கருவிகளான கம்போசர் (பிஎச்பிக்கு), என்பிஎம் (நோட்டுக்கு) இரண்டும் நிறுவிய பதிப்புகளை லாக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்தக் கோப்பு, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் ஒரு பதிப்பும் சர்வரில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டெர்மினலில் பிஎச்பி பதிப்பைக் கேட்டால் வரும் எண்ணும், உலாவி வழியாகத் தளத்தை இயக்கும் பிஎச்பியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே சர்வரில் பல பதிப்புகள் இருக்கலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் மூன்றாவதாக ஒன்றைக்கூடப் பயன்படுத்தலாம். மூன்றையும் தனித்தனியே சரிபாருங்கள். அதற்காகத் தளத்தில் பிஎச்பி இன்ஃபோ பக்கம் ஒன்று வைத்தால், பார்த்தவுடன் அழித்துவிடுங்கள். சர்வரின் அமைப்பு முழுவதையும் அந்தப் பக்கம் வெளியாருக்குக் காட்டிவிடும்.

எண்ணைப் படிப்பது

பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண்ணில் மூன்று பகுதிகள் இருக்கும். கடைசி எண் மட்டும் மாறினால் பிழைத்திருத்தம் அல்லது பாதுகாப்புத் திருத்தம். நடு எண் மாறினால் புதிய வசதிகள். பழைய நிரல் உடையாது என்பது எதிர்பார்ப்பு. முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம் என்ற அறிவிப்பு.

இந்த வழக்கத்தை எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் கடைப்பிடிப்பதில்லை. 2020 ஆகஸ்டில் 5.4-லிருந்து 5.5-க்கு மாறியபோது, ஜேகுவரி மைக்ரேட் என்ற துணை நிரல் தானாக ஏற்றப்படுவது நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய தீம்களிலும் பிளகின்களிலும் மெனு, ஸ்லைடர், நிர்வாகப் பக்கத்துப் பட்டன்கள் எல்லாம் செயலிழந்தன. எண்ணைப் பார்த்தால் சிறிய மாற்றம் போலத்தான் தெரியும். பைத்தானும் அப்படியே: 3.11-லிருந்து 3.12-க்குப் போனால் டிஸ்ட்யூடில்ஸ் என்ற பகுதியே இருக்காது. அதை அழைக்கும் பழைய பேக்கேஜ்கள் நிறுவும்போதே எரர் தரும். ஆகவே எண்ணை முதல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, வெளியீட்டுக் குறிப்பில் 'பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள்' என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள். மற்ற பகுதிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆதரவு எப்போது முடிகிறது

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. அதை அந்தந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள்.

பிஎச்பியின் புதிய பதிப்பு ஒவ்வொரு வருடமும் ஆண்டின் கடைசியில், வழக்கமாக நவம்பரில் வருகிறது. முதல் 2 வருடம் எல்லாப் பிழைகளுக்கும் திருத்தம், அடுத்த 2 வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 8.2-க்கு 2026 டிசம்பர் 31, 8.3-க்கு 2027 டிசம்பர் 31, 8.4-க்கு 2028 டிசம்பர் 31 வரை. 7.4-க்கு 2022 நவம்பரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நோட் ஜேஎஸ்ஸில் 18, 20, 22 போன்ற இரட்டைப்படை எண்கள் மட்டும் நீண்டகால ஆதரவு பெற்றுவந்திருக்கின்றன. அதைத்தான் எல்டிஎஸ் என்பார்கள். அவை வசந்த காலத்தில் வெளிவந்து அக்டோபரில் எல்டிஎஸ் நிலையை அடைந்தன. மொத்த ஆயுள் ஏறக்குறைய 3 வருடம். ஆயுள் முடிவு 20-க்கு 2026 ஏப்ரல், 22-க்கு 2027 ஏப்ரல். 19, 21, 23 போன்ற ஒற்றைப்படை எண்களைத் தளத்தில் ஏற்றுவதில் பயனில்லை. சில மாதங்களில் ஆதரவு முடிந்துவிடும்.

ஜாங்கோவில் 4.2-ம் 5.2-ம் எல்டிஎஸ். 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 18 மாதம் பிழைத்திருத்தமும் 2 வருடம் பாதுகாப்புத் திருத்தமும் தருகிறது. உலாவியில் ஓடும் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலரில் அதைவிடக் குறைவு, மொத்தமே 18 மாதம். ஆங்குலரைத் தேர்ந்தெடுப்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்ற நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்த தேதி முன்கூட்டியே வந்துவிடுவதும் உண்டு. நோட் 16-இன் ஆயுள் முடிவு 2024 ஏப்ரல் என்றிருந்தது. அது நம்பியிருந்த குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு 2023 செப்டம்பரில் ஆதரவு முடிவதால், நோட் 16-ஐயும் அதே மாதத்துக்கு முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். கடைசித் தேதிக்கு நெருக்கமாக வேலையைத் திட்டமிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மூன்று மாதம் முன்பே முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி நீளும் ஒரு வழியும் உண்டு. உபுண்டு, டெபியன் போன்ற இயங்குதளங்கள் தங்கள் வெளியீட்டோடு வரும் பிஎச்பிக்குத் தாங்களே பாதுகாப்புத் திருத்தம் போடுகின்றன. உபுண்டு 22.04-உடன் வரும் பிஎச்பி 8.1-க்கு 2027 வரை அப்படித் திருத்தம் கிடைக்கும். மூலத் திட்டத்தில் அதன் ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான். ஆனால் இது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் மட்டும். வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால் அதை நடத்துபவர்களின் அட்டவணைதான் பொருந்தும். மேலும், இயங்குதளம் பிஎச்பியைக் காப்பாற்றினாலும் உங்கள் லைப்ரரிகள் பழைய பிஎச்பியைக் கைவிடுவதை அது தடுக்காது.

நம்பியிருப்பவை தயாரா

பெரும்பாலான தோல்விகள் நடப்பது இங்கேதான். பிஎச்பியில் கம்போசரின் 'வொய்-நாட்' கட்டளையிடம் பிஎச்பி 8.4 என்று கேட்டுப் பாருங்கள். எந்தெந்தப் பேக்கேஜ் அந்தப் பதிப்பை ஏற்க மறுக்கிறது என்று பெயர் பெயராகச் சொல்லிவிடும். 'அவுட்டேட்டட்' கட்டளை ஒவ்வொன்றின் அடுத்த பதிப்பையும் காட்டும். என்பிஎம்மிலும் அதே பெயரில் கட்டளை உண்டு.

என்பிஎம் 7-லிருந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பேக்கேஜ்கள் இருந்தால் நிறுவல் எரருடன் நின்றுவிடும். இணையத்தில் தேடினால் 'ஃபோர்ஸ்' அல்லது 'லெகஸி பியர் டெப்ஸ்' போட்டுவிடச் சொல்வார்கள். நிறுவல் முடியும்; முரண்பாடு அப்படியே உள்ளே இருக்கும். ஓடும்போது வேறோர் இடத்தில் வெடித்தால் காரணம் கண்டுபிடிப்பது பல மடங்கு கடினம். எந்தப் பேக்கேஜ் தடுக்கிறது என்று எரர் செய்தியிலேயே எழுதியிருக்கும். முதலில் அதைப் புதுப்பியுங்கள் அல்லது மாற்றுங்கள்.

தடுக்கும் பேக்கேஜுக்கு இரண்டு வருடமாக வெளியீடே இல்லை என்றால் காத்திருப்பதில் பலனில்லை. மாற்று தேடத் தொடங்குங்கள். சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகளும் பைனரியாகக் கம்பைல் ஆகும் நோட் மாடியூல்களும் தனிக் கவனம் கேட்பவை. ஒவ்வொரு பதிப்புக்கும் அவை தனியாகத் தயாரிக்கப்பட வேண்டும். நோட் சாஸ் என்ற பழைய பேக்கேஜ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோட் பதிப்பு மாறிய ஒவ்வொரு முறையும் அது உடைந்தது. இப்போது அது கைவிடப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் டார்ட் சாஸைப் பயன்படுத்துங்கள். விலைக்கு வாங்கிய, குறியாக்கம் செய்யப்பட்ட பிஎச்பி நிரல் இருந்தால், அதன் லோடர் (அதைப் படித்து ஓட்டும் நீட்சி) புதிய பதிப்புக்கு வந்துவிட்டதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிவெடுக்கும் விதிகள்

பாதுகாப்புத் திருத்தமா? காத்திருக்காதீர்கள். 2014 அக்டோபர் 15-ஆம் தேதி தளம் கட்டும் மென்பொருளான ட்ரூபல் 7-இல் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு பிறகு எச்சரித்தது. திருத்தம் வெளியாகும்போதே ஓட்டை எங்கே என்பதும் வெளியாகிவிடுகிறது. அதனால் கடைசி எண் மட்டும் மாறும் பதிப்புகளைத் தானாகவே ஏற்றிக்கொள்ள அமைத்துவிடலாம். வேர்ட்பிரஸ் 2013-இல் வந்த 3.7-லிருந்து அதைத் தானே செய்கிறது.

பெரிய பதிப்பா? முதல் ஓரிரண்டு திருத்த வெளியீடுகள் வரும்வரை பொறுங்கள். முதல் சில வாரங்களில் உலகெங்கும் பலர் முயன்று பார்த்து எழுதும் பிழை அறிக்கைகள் அவற்றில்தான் சரிசெய்யப்படும். அதற்குள் மேலே சொன்ன பேக்கேஜ் சோதனையையும் நடத்திவிடுங்கள்.

புதிய திட்டத்தைத் தொடங்குகிறீர்களா? உங்களுக்குத் தேவையான லைப்ரரிகள் எல்லாம் ஆதரிக்கும் பதிப்புகளிலேயே மிகப் புதிய எல்டிஎஸ்ஸை எடுங்கள். பழையதில் பழகிவிட்டோம் என்பதற்காக ஆயுள் முடியப்போகும் பதிப்பில் தொடங்கினால், தளம் திறந்த சில மாதங்களில் முதல் மாற்றம் காத்திருக்கும்.

வேகமாக ஓடும் என்பதற்காக மட்டும் மாறலாமா? உங்கள் பக்கம் தாமதமாவதற்குக் காரணம் மெதுவான டேட்டாபேஸ் வினவல் என்றால் மொழியின் பதிப்பு மாறுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. முதலில் அளந்து பாருங்கள்.

மாறவே கூடாத நேரங்களும் உண்டு: தளத்துக்கு அதிக வருகை வரும் நாட்கள், சர்வர் இடமாற்றம் நடக்கும் வாரம், புதிய வசதி ஒன்றை வெளியிடும் அதே நாள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்து மாற்றினால், உடைந்தபின் எது உடைத்தது என்று தெரியாது.

வரிசை முக்கியம்

மொழியும் ஃபிரேம்வொர்க்கும் சேர்ந்து பழையதாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாகத் தாவாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு படியைத் தேடுங்கள். பிஎச்பி 8.1-இல் லாராவெல் 10 ஓடுகிறது என்று வையுங்கள். லாராவெல் 11-க்குக் குறைந்தது பிஎச்பி 8.2 வேண்டும். லாராவெல் 10 பிஎச்பி 8.2-இலும் ஓடும். ஆகவே லாராவெல்லைத் தொடாமல் முதலில் பிஎச்பியை 8.2 ஆக்குங்கள். ஒரு வாரம் பாருங்கள். பிறகு லாராவெல் 11. ஒவ்வொரு படியும் தனி டெப்ளாய் (தளத்தில் ஏற்றுவது).

ஜாங்கோவிலும் ஆங்குலரிலும் பல பதிப்புகளை ஒரே தாவலில் கடக்காமல் ஒவ்வொன்றாக ஏறுங்கள். ஜாங்கோவில் ஒரு வசதியை நீக்குவதற்கு முன் சில பதிப்புகளாவது எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கைகள் வழக்கமாக மறைந்திருக்கும். பைத்தானை எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் நிலையில் வைத்து உங்கள் டெஸ்ட்களை (நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரல்களை) ஓட்டினால் வெளியே வரும். இருக்கும் பதிப்பிலேயே அவற்றைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போனால் வேலை பாதியாகக் குறையும்.

ஸ்டேஜிங்கில் ஒத்திகை

ஸ்டேஜிங் எனப்படும், உண்மைத் தளத்தின் நகல் ஒன்று வேண்டும்: அதே இயங்குதளம், அதே நீட்சிகள், டேட்டாபேஸின் அண்மைய பிரதி. பிரதியிலிருந்து வாடிக்கையாளர் மின்னஞ்சல், தொலைபேசி எண்களை மாற்றிவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பையும் நிறுத்துங்கள். இதை மறந்தால் ஒத்திகை அஞ்சல்கள் உண்மையான ஆட்களுக்குப் போய்ச்சேரும்.

டெஸ்ட் எழுதப்படாத தளம் என்றால் குறைந்தது இவற்றைக் கையால் செய்து பாருங்கள்: புதுக் கணக்குத் திறப்பது, உள்நுழைவது, கடவுச்சொல் மாற்றுவது, படம் ஏற்றுவது, பணம் செலுத்தும் பாதை, தேடல், மின்னஞ்சல், கிரான் வேலைகள், நிர்வாகப் பக்கம். எரர் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். திரையில் சரியாகத் தெரிந்தாலும் லாக்கில் எச்சரிக்கைகள் குவியலாம்.

அடிக்கடி உடைபவை சில:

பிஎச்பி 8.0-இல் ஒப்பீடு மாறியது. எண் 0-ஐ வெற்றுச் சொல்லோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 7.4-இல் உண்மை என்று வரும், 8.0-இல் பொய். படிவத்தில் அளவை நிரப்பாமல் விட்டால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் நிரல் இதில் சிக்கும். எரரே வராது, கணக்கு மட்டும் தவறும். அதனால் இதுதான் மிகவும் ஆபத்தானது. பிஎச்பிஸ்டான் போன்ற சோதனைக் கருவியை ஓட்டுவதோடு, பணம், எண்ணிக்கை, அனுமதி சார்ந்த ஒப்பீடுகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிஎச்பி 8.1-இல், நீளம் அளப்பது, ஓரவெளி நீக்குவது போன்ற உள்ளமை செயற்கூறுகளுக்கு நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) கொடுத்தால் எச்சரிக்கை வரும். தளம் நிற்காது. ஆனால் எரர்களைத் திரையில் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், அந்த வரிகள் செயலிக்குப் போகும் ஜேசான் வடிவத் தரவுக்குள் புகுந்து செயலியை உடைக்கும். உண்மைத் தளத்தில் அந்த அமைப்பு எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.

நோட் 17 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது. நிரல் கோப்புகளைத் தொகுத்துத் தரும் கருவியான பழைய வெப்பேக் 4 பயன்படுத்தும் எம்டி4 ஹாஷ் அதில் இயல்பாகக் கிடையாது. அதனால் நோட் 16-லிருந்து 18-க்குப் போனவுடன் பில்டு நிற்கும். லெகஸி புரொவைடர் என்ற விருப்பம் தற்காலிகக் கட்டு மட்டுமே. வெப்பேக் 5-க்குப் போவதுதான் தீர்வு.

ஜாங்கோ 4.0 முதல் படிவம் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று ஆரிஜின் தலைப்பைச் சரிபார்க்கிறது. பிராக்ஸி என்ற இடைநிலை சர்வருக்குப் பின்னால் ஓடும் தளங்களில் உள்நுழைந்தால் 403 (அனுமதி மறுப்பு) வரலாம். நம்பத்தகுந்த முகவரிகள் பட்டியலில் எச்டிடிபிஎஸ் உட்பட முழு முகவரியைச் சேருங்கள்.

மைஎஸ்கியூஎல் 8.0-இல் ரேங்க், குரூப்ஸ் போன்றவை ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. அந்தப் பெயரில் நெடுவரிசையோ அட்டவணையோ இருந்து, மேற்கோள் குறி போடாமல் வினவியிருந்தால் தொடரியல் பிழை. உள்நுழைவு முறையும் மாறியதால் பழைய கிளையண்ட் லைப்ரரி இணைய மறுக்கும்.

மாற்றும் நாள்

பேக்கப் எடுப்பது மட்டும் போதாது, அதை வேறோர் இடத்தில் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்வாங்க நேர்ந்தால் தளம் அவ்வளவு நேரம் மூடியிருக்கும்.

பின்வாங்கும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பிஎச்பி, நோட் இரண்டிலும் பழைய பதிப்பைப் பக்கத்திலேயே வைத்திருந்து நிமிடங்களில் திரும்பலாம். டேட்டாபேஸில் அப்படியில்லை. மைஎஸ்கியூஎல் 8.0 ஆகிவிட்ட தரவுக் கோப்புகளை 5.7-க்கு இறக்க வழியில்லை. மாற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப் ஒன்றுதான் துணை; இடையில் வந்த தரவு போய்விடும். இதனாலேயே டேட்டாபேஸ் மாற்றத்தைத் தனி நாளில், தளத்தை எழுதமுடியாத நிலையில் வைத்துச் செய்யுங்கள்.

வாரத்தின் நடுவில், வருகை குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். வாரக் கடைசியில் மாற்றினால் உதவிக்கு ஆள் இருக்காது. பின்வாங்கும் எல்லையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 30 நிமிடத்துக்குள் உள்நுழைவும் பணம் செலுத்துவதும் சரியாகவில்லை என்றால் திரும்பிவிடுவது என்பது போல. அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று நீண்டுகொண்டே போகும்.

பதிப்பு மாறியபின் வெப் சர்வரை மட்டும் மறுதொடக்கம் செய்துவிட்டு விடாதீர்கள். பின்னணியில் ஓடும் க்யூ வொர்க்கர்கள் பழைய நிரலை நினைவில் வைத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றையும் நிறுத்தித் தொடங்குங்கள். கேஷை அழியுங்கள். கிரான் பட்டியலில் பழைய பதிப்பின் பாதை எழுதப்பட்டிருந்தால் மாற்றுங்கள். இரவு வேலைகளும் மாதக் கடைசி வேலைகளும் அன்றே ஓடாது. அவற்றைக் கையால் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஒரு முழு மாதச் சுற்று முடியும்வரை பழைய பதிப்பைச் சர்வரிலிருந்து நீக்க வேண்டாம்.

மாறவே முடியவில்லை என்றால்

எழுதியவர் போய்விட்டார், டெஸ்ட் இல்லை, ஒரு முக்கியப் பிளகின் கைவிடப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட தளங்கள் ஏராளம். ஆதரவு முடிந்த பதிப்பில் தொடர நேர்ந்தால், தாக்கக்கூடிய பரப்பைக் குறையுங்கள். நிர்வாகப் பக்கத்தை விபிஎன்னுக்குப் பின்னாலோ குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டுமோ திறந்து வையுங்கள். பயன்படாத பிளகின்களை முடக்குவதோடு நிறுத்தாமல் அழியுங்கள். முடக்கிய பிளகினின் கோப்புகள் சர்வரில் இருந்தால் நேரடியாக அழைக்கப்படலாம். கோப்பு ஏற்றும் கோப்புறையில் நிரல் ஓடாதபடி தடை போடுங்கள். மற்றத் தளங்களோடு ஒரே சர்வரில் வைக்காதீர்கள். உள்ளடக்கம் அரிதாகவே மாறும் தளமென்றால் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக எடுத்து வைத்துவிட்டு, பழைய நிரலை இணையத்திலிருந்தே விலக்கிவிடலாம். பணம் கட்டினால் பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும் நிறுவனங்களும் உள்ளன. அதை எடுத்தால், ஒப்பந்தம் முடியும் தேதிக்குள் தளத்தைப் புதிதாக எழுதி முடிக்கும் திட்டத்தையும் அதே நாளில் தொடங்குங்கள்.